டயரில் பூசிய கறுப்பு

அன்புச்செல்விக்குக் கோபம் வரப் பெரிய காரணம் எதுவும் வேண்டாம் என்று போளூர் சாலையில் கடை வைத்திருப்பவர்கள் சொல்வார்கள். எதிர்ப்பக்கத்து டீக்கடைக்காரர் மட்டும் அதைக் கொஞ்சம் திருத்துவார்: "அந்தம்மா சும்மாலாம் கத்தாதுங்க. டயர்ல எவனாவது எதையாவது பூசச் சொன்னாத்தான் கத்தும்."

ஆரணியிலிருந்து போளூர் போகும் வழியில், வீடுகள் குறைந்து வயல் தொடங்குகிற இடத்தில் இருக்கிறது அவளுடைய வாட்டர் வாஷ் கடை. தகரக் கூரை, சிமெண்ட் மேடை, ஒரு கம்ப்ரசர், ஒரு தண்ணீர்த் தொட்டி. இருசக்கர வண்டிகள் மட்டும்தான் கழுவுவார்கள். அரிசி ஆலைக்குப் போய்வரும் வண்டிகள் தவிடு அப்பிக்கொண்டு வரும். சாயப் பட்டறை ஆட்களின் வண்டிகளில் சக்கரம் ஊதாவும் சிவப்புமாக இருக்கும். பட்டு நூலும் சேலைக் கட்டும் ஏற்றிக்கொண்டு தறிவீடுகளுக்கு அலையும் வண்டிகள் முட்டுவரை சேறோடு வந்து நிற்கும். அத்தனையையும் கழுவித் துடைத்து அனுப்புவது அன்புச்செல்வியும் அவள் கணவன் பாலுவும்.

கடையைத் தொடங்கியது பாலுதான். நெசவாளர் வீட்டுப் பிள்ளை. நாள் முழுக்கத் தறியில் உட்கார முதுகு ஒத்துழைக்காததால் இந்தத் தொழிலுக்கு வந்தான். அதிர்ந்து பேசாதவன். யார் எது கேட்டாலும் "செஞ்சிரலாம்ணா" என்பான். அன்புச்செல்வி தெள்ளார்ப் பக்கத்து விவசாயக் குடும்பம். கல்யாணத்துக்கு முன்னால் வந்தவாசியில் ஒரு டயர் கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தாள். கழற்றி எறியப்படுகிற டயர்கள் அவள் மேசைக்குப் பக்கத்தில்தான் குவியும். டீசலால் துடைத்துத் துடைத்து உப்பிப்போன டயர், மண்ணெண்ணெய் பட்டு வெளிறி வெடித்த டயர், பெட்ரோலில் கழுவிக் கழுவிச் சுருங்கிப்போன டயர் என்று எல்லாம் வரும். ஒவ்வொன்றையும் கொண்டுவந்தவன் சொன்ன கதையும் அவள் காதில் விழும். வழுக்கினான், விழுந்தான், பின்னால் உட்கார்ந்திருந்தவளுக்கு அடி. இப்படிக் கேட்டுக் கேட்டே டயர் விஷயத்தில் அவளுக்கு ஒரு பிடிவாதம் வந்துவிட்டது.

வண்டி வந்தால் டபுள் ஸ்டாண்டில் நிறுத்தி இன்ஜினை அணைத்துச் சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொள்வாள். வெயிலில் ஓடிவந்த டயர் என்றால் சூடு ஆறும் வரை தொடமாட்டாள். கம்ப்ரசர் தண்ணீரைத் தள்ளி நின்றுதான் அடிப்பாள். பிறகு ஷாம்பு கலந்த தண்ணீரும் மெத்தென்ற பிரஷ்ஷும். சக்கரத்தைக் கையால் கொஞ்சம் கொஞ்சமாக உருட்டித் தேய்ப்பாள். கியரில் போட்டுச் சக்கரத்தைச் சுற்றவிட்டுத் துணியை வைத்து அழுத்துகிற வேலை அவள் கடையில் கிடையாது. பாலு ஒருமுறை அப்படிச் செய்து செயினில் விரல் மாட்டி நகத்தைப் பறிகொடுத்திருந்தான்.

பளபளப்புக் கேட்கிறவர்களுக்குத் தண்ணீர் வகைப் பாலிஷை ஒரு துணியில் தொட்டுக்கொள்வாள். டயர் நன்றாகக் காய்ந்த பிறகு, கம்பெனிப் பெயர் எழுதியிருக்கிற பக்கவாட்டில் மட்டும் லேசாகத் தடவி, மிச்சத்தை வேறு துணியால் துடைத்தெடுப்பாள். தரையில் ஓடுகிற பட்டன் பகுதியில் ஒரு சொட்டுப் படவிடமாட்டாள். காருக்குப் பரவாயில்லை, பைக் வளைவில் சாயும்போது டயரின் ஓரம்கூடத் தரையைத் தொடும் என்பாள். பிரேக் டிஸ்க்கின் மேல் பட்டுவிடும் என்பதால் ஸ்ப்ரே பாட்டிலைச் சக்கரத்துக்கு நேராக நீட்டவே கூடாது என்பது அவள் சட்டம்.

ஒருநாள் ஓர் இளைஞன் வந்து, "அக்கா, கொஞ்சம் டீசல் வச்சித் தொடச்சி வுடுங்க, கருகருன்னு இருக்கணும்" என்றான்.

"உன் மூஞ்சில டீசல் தடவினா நீயும் ரெண்டு நாளைக்கு மினுமினுன்னுதான் இருப்ப. அப்புறம் தோலு உரியும். டயரும் அப்படித்தான். எடுத்துகினு போ வண்டியை."

அவன் போய்விட்டான். பாலு முனகினான். "வர்ற ஆளையெல்லாம் இப்படி வெரட்டினா எப்படி செல்வி?"

"வுழுந்து சாவட்டும்னு அனுப்பச் சொல்றியா?"

அத்தோடு அவன் பேச்சு நின்றுவிடும்.

வந்தவாசி சாலையில் செகண்ட்ஸ் பைக் வாங்கி விற்கிற கன்சல்டிங் கடை ஒன்று உண்டு. நடத்துபவர் வேணுகோபால். எப்போதும் இஸ்திரி கலையாத சட்டை, நெற்றியில் சந்தனம், யாரைப் பார்த்தாலும் தோளில் கைபோட்டுப் பேசுகிற பழக்கம். அவர் வாங்குகிற பழைய வண்டிகளைக் கழுவும் வேலை பல மாதங்களாக அன்புச்செல்வியின் கடைக்குத்தான் வந்துகொண்டிருந்தது. கடைக்குக் கிடைத்த நல்ல வாடிக்கை அது. பாலுவுக்கு வேணுகோபால் என்றால் பெரிய மரியாதை.

ஆடி முடிந்து கல்யாண மாதம் பிறக்கும் சமயம். ஊரில் பட்டு வியாபாரம் சூடு பிடித்தால் வண்டி வியாபாரமும் சூடு பிடிக்கும். வேணுகோபால் ஒரு மினி லாரியில் வண்டிகளை ஏற்றிக்கொண்டு அவரே வந்தார்.

"ஜல்தியா முடிச்சிக் குடும்மா. டயரெல்லாம் ஷோரூம் டயர் மாதிரி இருக்கணும்."

அன்புச்செல்வி ஒவ்வொரு சக்கரமாகக் குனிந்து பார்த்தாள். கழுவிய பிறகு மறுபடியும் பார்த்தாள். நான்கு வண்டிகளில் டயரின் பக்கவாட்டு முழுக்க முடி முடியாக வெடிப்பு. ஒன்றில் நகம் நுழைகிற அளவுக்கு.

"இந்த நாலுக்கும் பாலிஷ் போடமாட்டேன் அண்ணே. டயர் மாத்திட்டு வாங்க."

"ஓடுற டயரும்மா. பட்டன் கீது பாரு, நல்லாத்தான் கீது."

"பட்டன் கீது. சைடுதான் செத்துப் போச்சே. வெடிப்பு தெரியாம இருக்கத்தான கறுப்புக் கேக்குறீங்க?"

வேணுகோபால் சிரித்தார். கோபத்தைக் காட்டாத சிரிப்பு. "வாங்குறவனே கேக்கல. உனக்கு இன்னாம்மா பேஜாரு?"

"வாங்குறவனுக்குத் தெரியாது. எனக்குத் தெரியுதே."

அந்த நான்கு வண்டிகளும் பாலிஷ் இல்லாமலே திரும்பிப் போயின. போகும்போது வேணுகோபால் பாலுவின் தோளில் கைபோட்டுச் சற்றுத் தூரம் அழைத்துப்போய் ஏதோ பேசினார். அன்புச்செல்வி அதைப் பார்த்தாள். தன்னைப் பற்றிக் குறை சொல்கிறார் என்று நினைத்தாள். சொல்லிவிட்டுப் போகட்டும் என்று பிரஷ்ஷை அலசப் போனாள்.

அடுத்த வாரம் அவள் தெள்ளாருக்கு ஒரு காதுகுத்துக்குப் போய்விட்டு வந்தாள். கடையை பாலு பார்த்துக்கொண்டான். திரும்பி வந்தபோது கடையில் எல்லாம் வைத்த இடத்தில் இருந்தது. தரையில் மட்டும் ஒரு மூலை எண்ணெய்ப் பிசுக்காக இருந்தது. "எவனோ ஆயில் ஊத்திட்டான்" என்றான் பாலு. அவள் சோப்புத்தூள் போட்டுத் தேய்த்துக் கழுவினாள்.

அதற்குப் பிறகு ஒரு தூறல் நாளில் டீக்கடைக்காரரின் மச்சான் ஒரு பைக்கைத் தள்ளிக்கொண்டு வந்தார். முன்பக்க விளக்கு நொறுங்கியிருந்தது. கைப்பிடி வளைந்து ஒரு பக்கம் முழுக்கச் சேறு.

"அரிசி மில்லு வளைவுல ஒரு பொண்ணு வுழுந்துட்டா. நம்ம ஜெயவேல் பொண்ணு பவித்ரா. ஆஸ்பத்திரிக்கு அனுப்பியாச்சி. வண்டியக் கொஞ்சம் கழுவிக் குடுங்க, அவங்க அப்பா வந்து எடுத்துக்குவாரு."

பவித்ராவை அன்புச்செல்விக்குத் தெரியும். அந்தச் சாலையில் எல்லோருக்கும் தெரியும். போளூர் பக்கத்துக் கிராமம். அப்பா ஜெயவேல் வீட்டில் தறி வைத்திருக்கிறார். ஆரணியில் முதலாளியிடம் பாவும் ஊடு நூலும் வாங்கிப்போய்க் கொடுப்பதும், நெய்த சேலைகளைக் கொண்டுவந்து சேர்ப்பதும் பவித்ராவின் வேலை. தன் வீட்டுக்கு மட்டுமில்லாமல் தெருவில் இன்னும் சில தறிகளுக்கும் அவளே நூல் கொண்டு போவாள். பஸ்ஸை நம்பி நாளெல்லாம் வீணாகிறது என்று இரண்டு நாளைக்கு முன்புதான் செகண்ட்ஸில் ஒரு பைக் வாங்கியிருந்தாள். ஸ்கூட்டி வாங்காமல் பைக் வாங்கியதற்கே ஊரில் ஆளுக்கொன்று பேசினார்கள்.

"இன்னா ஆச்சி அவளுக்கு?"

"கை ஒடஞ்சிருக்கு. தோள்பட்டையிலயும் அடியாம். பின்னாடி வந்த லாரிக்காரன் பிரேக் போட்டதால பொழச்சா. பொட்டப்புள்ளைக்கு எதுக்குங்க பைக்கு? இப்படித்தான் ஆவும்."

அன்புச்செல்வி வண்டியை ஸ்டாண்டில் போட்டுச் சேற்றை அடித்தாள். முன்சக்கரத்தில் தண்ணீர் பட்டதும் அது ஒட்டவில்லை. முத்து முத்தாகத் திரண்டு உருண்டது. பக்கவாட்டில் மட்டுமில்லை, பட்டனிலும். அவள் தரையில் உட்கார்ந்து உள்ளங்கையைப் பட்டன்மேல் வைத்து அழுத்தினாள். கை சறுக்கியது. விரலை மோந்து பார்த்தாள். இனிப்பும் பெட்ரோலும் கலந்த ஒரு வாடை. எண்ணெய் வகை ஸ்ப்ரே பாலிஷ்.

ஷாம்பு போட்டு ஒரு பக்கத்தைத் தேய்த்தாள். கறுப்பு கரைந்து வழிந்தது. கீழே சாம்பல் நிற ரப்பரும் அதில் முடி முடியாக வெடிப்பும் தெரிந்தன. நகம் நுழைகிற அந்த வெடிப்பும் இருந்தது. அவளுக்கு வண்டி அடையாளம் தெரிந்துவிட்டது.

பாலு தொட்டிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தான். அவள் அவனைப் பார்த்தாள். அவன் பார்வையைத் தரைக்குத் திருப்பினான். அதுவே போதுமாக இருந்தது.

"நான் தெள்ளாருக்குப் போன அன்னிக்கா?"

"செல்வி, நான் இன்னா சொல்றேன்னா..."

"அன்னிக்கா இல்லியா?"

"வேணுண்ணன் வண்டிங்களயும் பாட்டிலயும் எடுத்துகினு வந்து நின்னாரு. நீயே அடிச்சி வுட்ரு பாலு, ஒரு நிமிஷ வேலைன்னாரு. வேலையே நம்ம கடைக்கு வராது, வேற எடத்துக்குப் போயிடும்னாரு."

"பட்டன்ல எதுக்குடா அடிச்ச?" அவனை அவள் 'டா' போட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை. டீக்கடையில் பேச்சு நின்றது. "சைடுல போட்டா வெடிப்ப மறைக்க. பட்டன்ல எதுக்கு?"

"சக்கரத்தச் சுத்த வுட்டு அடிச்சேன். மொத்தமாப் பட்டுடுச்சி. கறுப்பா அழகாத்தான் இருந்திச்சி. அவரும் அப்படியே இருக்கட்டும்னாரு."

"அழகா இருந்திச்சி!" அவள் கையிலிருந்த பிரஷ்ஷைச் சுவரில் எறிந்தாள். "ஒரு பொண்ணு லாரிக்கு அடியில போயிருப்பா. உனக்கு அழகா இருந்திச்சி!"

பாலு பிரஷ்ஷைக் குனிந்து எடுத்தான். "தெரியாமப் பண்ணிட்டேன்" என்றான்.

"தெரியாமலா? பத்து வருஷமா நான் கத்திகினு இருக்கிறது யாருக்கு? செவுத்துக்கா?"

அன்று மீதிப்பொழுது அவள் கடையில் ஒரு வண்டியும் கழுவவில்லை. வந்தவர்களைத் திருப்பி அனுப்பினாள். உள்ளுக்குள் எரிந்தது. வேணுகோபால் மீது எரிச்சல் என்றால் அது பழகிய எரிச்சல். பாலு மீது வந்தது அப்படியில்லை. கூடவே படுத்து, கூடவே சாப்பிட்டு, தான் சொன்ன ஒவ்வொரு வார்த்தைக்கும் தலையாட்டிய மனிதன் ஒன்றைக்கூட உள்ளே வாங்கவில்லை என்பது அவளைத் தின்றது. அதைவிட மோசமான ஒன்றும் இருந்தது. பவித்ரா விழுந்தது தன் கடையில் பூசிய பூச்சால்.

மறுநாள் ஆப்பிள் வாங்கிக்கொண்டு ஆரணி ஆஸ்பத்திரிக்குப் போனாள். பவித்ராவின் வலது கையில் மாவுக்கட்டு. கன்னத்தில் சாலை உரசிய சிராய்ப்பு. பக்கத்தில் ஜெயவேல் ஸ்டூலில் உட்கார்ந்து, வந்தவர்களிடம் எல்லாம் ஒரே பேச்சைப் பேசிக்கொண்டிருந்தார்: "அப்பவே சொன்னேன். பொம்பளப் புள்ளைக்கு பைக் வேணாம், தூக்கி நிறுத்தக்கூட வலு பத்தாதுன்னு. கேட்டாத்தானே? இனிமே அந்தச் சனியன வித்துட வேண்டியதுதான்."

பவித்ரா மேலே விசிறியைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள்.

"நீ சரியாத்தான் ஓட்டின" என்றாள் அன்புச்செல்வி.

பவித்ரா திரும்பிப் பார்த்தாள்.

"டயர்ல ஆயில் பாலிஷ் அடிச்சிருந்தாங்க. பட்டன் முழுக்க. ஈரத்துல யார் ஓட்டியிருந்தாலும் வழுக்கும். டயரும் பழைய டயரு, சைடெல்லாம் வெடிப்பு. வெடிப்பு தெரியக்கூடாதுன்னு கறுப்பு பூசி வித்துட்டாரு அந்த ஆளு."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அடிச்சது என் வூட்டுக்காரரு. எங்க கடையில வச்சி."

ஜெயவேல் எழுந்தார். ஆனால் அவர் வாய் திறக்கும் முன் பவித்ரா பேசிவிட்டாள். படுத்தபடியே, பக்கத்துக் கட்டிலில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கிற குரலில்.

"நேத்துலருந்து ஊரே வந்து எனக்கு வண்டி ஓட்டத் தெரியலன்னு சொல்லிட்டுப் போவுது அக்கா. நானே நம்பிட்டேன். ராத்திரியெல்லாம் எந்த எடத்துல தப்பு பண்ணேன், எந்த எடத்துல தப்பு பண்ணேன்னு யோசிச்சிகினு கெடந்தேன். நீங்க அடிச்சி அனுப்பிட்டு இப்ப ஆப்பிள் வாங்கிகினு வந்தா ஆச்சா? போங்க. எடுத்துகினு போங்க!"

திட்டுவது அன்புச்செல்விக்குப் பழக்கம். திட்டு வாங்கிப் பழக்கமில்லை. ஆனால் அந்தப் பெண் சொன்னது அத்தனையும் நியாயம். பழப்பையைக் கையிலேயே பிடித்துக்கொண்டு வெளியே வந்து, ஆஸ்பத்திரி வாசலிலிருந்து நேராக வந்தவாசி சாலைக்கு நடந்தாள்.

வேணுகோபால் நாற்காலியில் சாய்ந்திருந்தார்.

"கேள்விப்பட்டேன்மா. பாவம். என்ன பண்றது, அந்தப் பொண்ணு ஆசப்பட்டு வாங்கிச்சி. ஸ்கூட்டி காட்டினேன், வேணாம்னுடுச்சி."

"டயர் வெடிச்சிருக்குன்னு சொன்னேனா இல்லியா உங்ககிட்ட?"

"நீ ஆயிரம் சொல்லுவ. பாலிஷ் அடிச்சது நானா? உன் புருஷன். வெளிய தெரிஞ்சா யார் கடை மூடும்? யோசிச்சிப் பேசு."

"டயர மாத்துங்க. விக்கிற எல்லா வண்டிக்கும். இன்னிக்கே."

"போம்மா. வேலையப் பாரு." இப்போது அவர் சிரிக்கவில்லை. "தண்ணி ஊத்திக் கழுவுறவ எனக்கு யாவாரம் சொல்லித் தராத."

அவள் திரும்பி நடந்தாள். வரிசையாக நின்ற வண்டிகளின் டயர்கள் வெயிலில் கருகருவென்று மின்னின. அவற்றைப் பார்த்துக்கொண்டே நடக்கும்போதுதான் அவளுக்கு என்ன செய்ய வேண்டும் என்று தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை வேணுகோபாலின் கடையில் கூட்டம் இருக்கும். கல்யாணத்துக்கு வண்டி பார்க்க வருகிறவர்கள், புது வேலைக்குச் சேர்ந்தவர்கள், வெம்பாக்கம் பக்கத்திலிருந்து குடும்பத்தோடு வருகிறவர்கள். அந்த ஞாயிறு காலை அன்புச்செல்வி ஒரு ஷேர் ஆட்டோவில் தண்ணீர் கேன்களை ஏற்றினாள். ஷாம்பு பாட்டில், வாளி, பிரஷ், துடைக்கப் பனியன் வேஸ்ட் துணி. பாலு, "நானும் வர்றேன் செல்வி" என்றான். "வேணாம்" என்றாள். அவன் கேன்களை ஆட்டோவில் தூக்கி வைத்துவிட்டு நின்றான்.

கடைக்குள் போனவள் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. முதல் வரிசையில் நின்ற வண்டியின் முன்சக்கரத்துக்கு எதிரே உட்கார்ந்தாள். தண்ணீர் ஊற்றினாள். ஷாம்பு போட்டாள். தேய்த்தாள். கறுப்பு நுரை சிமெண்ட் தரையில் ஓடியது. துணியால் துடைத்துவிட்டு எழுந்து அடுத்த வண்டிக்குப் போனாள்.

வேலைக்கு நின்ற ஆள் ஓடி வந்தான். "இன்னாக்கா பண்றீங்க? முதலாளி சொன்னாரா?"

"கழுவுறேன். கண்ணு தெரியல?"

வண்டி பார்க்க வந்தவர்கள் முதலில் கடைக்காரர்தான் கழுவச் சொல்லியிருக்கிறார் என்று நினைத்தார்கள். பிறகு ஒருவர் குனிந்து பார்த்தார். மனைவியையும் மகனையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தவர்.

"இன்னாம்மா இது, கீறல் கீறலா கீது?"

"வெடிப்புங்க. ரப்பர் செத்துப் போச்சி. இதோ பாருங்க, நாலு நம்பர் போட்டிருக்குதா? கடைசி ரெண்டும் டயர் செஞ்ச வருஷம். உங்க பையன் எத்தினியாவது படிக்கிறான்? அவன் பள்ளிக்கூடம் சேர்றதுக்கு முன்னாடி செஞ்ச டயரு இது."

அவர் மகனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

கூட்டம் சேர்ந்தது. சிலர் தாங்கள் பேரம் பேசி வைத்திருந்த வண்டியைக் காட்டி, "இதையும் கழுவிக் காட்டுங்க" என்றார்கள். எல்லா டயரும் மோசமாக இல்லை. நன்றாக இருந்ததை நன்றாக இருக்கிறது என்றே சொன்னாள். "இது நல்லா கீது. பட்டன்ல மட்டும் ஆயில் கீது, அதை எடுத்துட்டு ஓட்டுங்க. கொஞ்ச தூரம் மெதுவாப் போங்க."

வேணுகோபால் வந்து சேர்ந்தபோது அவள் இரண்டாவது வரிசையில் இருந்தாள். அவர் முகம் சிவந்திருந்தது. வாளியை எட்டி உதைத்தார்.

"ஏய், எழுந்திருடி! யாரக் கேட்டு உள்ள வந்த? பைத்தியம் புடிச்சிருக்கா உனக்கு?"

அன்புச்செல்வி எழுந்தாள். ஈரக் கையைப் புடவையில் துடைத்தாள். "நான் உங்க வண்டிய ஒடைக்கல. கழுவுறேன். கழுவினா போற அழகுல யாவாரம் பண்ணாதீங்க."

"இவ புருஷன்தான்யா பாலிஷ் அடிச்சது!" என்று வேணுகோபால் கூட்டத்தைப் பார்த்துக் கத்தினார். "அவனக் கேளுங்க!"

"ஆமா. என் புருஷன்தான் அடிச்சாரு. நீங்க பாட்டில் வாங்கிக் குடுத்தீங்க, அவரு அடிச்சாரு. ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு பொண்ணத் தள்ளி வுட்டீங்க."

"எந்தப் பொண்ணு? கதை வுடாத."

"நான்தான் அந்தப் பொண்ணு" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

கழுத்தில் தொட்டில் கட்டிய கையோடு பவித்ரா நின்றிருந்தாள். பக்கத்தில் ஜெயவேல். முந்தைய நாள்தான் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். கடையில் அன்புச்செல்வி வண்டிகளைக் கழுவுவதை யாரோ போனில் படமெடுத்து அனுப்ப, அதைப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். கட்டுப் போட்ட கையோடு அவள் நடந்து வர, கூட்டம் தானாக விலகியது. அவளைப் பார்த்த பிறகு அங்கே யாரும் எந்த விளக்கமும் கேட்கவில்லை. மகனோடு வந்தவர் முதலில் வெளியேறினார். பின்னாலேயே மற்றவர்களும்.

வேணுகோபால் போலீஸுக்குப் போன் போட்டார்.

ஸ்டேஷனில் ஏட்டு இருவரையும் உட்கார வைத்தார். முதலில் அன்புச்செல்வியிடம் திரும்பினார். "அவர் எடத்துல நுழைஞ்சி அவர் வண்டியத் தொட்டது தப்பும்மா. தெரியுமா?"

"தெரியும் சார். எழுதிக்குங்க. அவர் பண்ணதையும் பக்கத்துலயே எழுதுங்க."

"உன் வூட்டுக்காரரு பேரும் வரும்."

"வரட்டும் சார்."

வாசலில் பாலு நின்றிருந்தான். யாரும் கூப்பிடவில்லை, தானாக வந்திருந்தான். உள்ளே வந்து, பாட்டில் கொடுத்தது யார், எந்தெந்த வண்டிக்கு அடித்தேன் என்று ஏட்டிடம் ஒன்று விடாமல் சொன்னான். எதையும் மாற்றிச் சொல்லவில்லை. வேணுகோபால் அவனைப் பார்த்துப் பல்லைக் கடித்தார்.

ஏட்டு வழக்கம்போலச் சமாதானத்துக்கு வந்தார். பவித்ராவின் வண்டிக்கு இரண்டு புது டயர், ஆஸ்பத்திரிச் செலவு, வண்டி பழுதுபார்க்கும் செலவு எல்லாம் வேணுகோபால் ஏற்றுக்கொள்வது, இரு தரப்பும் புகாரைத் திரும்பப் பெறுவது. வேணுகோபால் உடனே தலையாட்டினார். ஜெயவேலும் தலையாட்டினார்.

"எனக்கு அது மட்டும் போதாது" என்றாள் பவித்ரா.

"வேற இன்னாம்மா வேணும்?"

"நான் வுழுந்தது டயராலன்னு அவர் வாயால சொல்லணும். எங்கப்பாகிட்ட சொல்லணும்."

"அதான் செலவெல்லாம் குடுக்குறேனே" என்றார் வேணுகோபால்.

"செலவு வேற. சொல்லுங்க."

வேணுகோபால் ஏட்டைப் பார்த்தார். ஏட்டு மேசைமீதிருந்த பேனாவைப் பார்த்தார். கடைசியில் வேணுகோபால் ஜெயவேல் பக்கம் லேசாகத் திரும்பி, "டயர் கொஞ்சம் சரியில்லாமப் போச்சி" என்று முணுமுணுத்தார்.

"யாருக்குக் கேட்டிச்சி?" என்றாள் அன்புச்செல்வி. "சத்தமா. கடையில கத்தினீங்களே, அந்தச் சத்தத்துல."

"உங்க பொண்ணு மேல தப்பில்ல! டயர்தான் காரணம்! போதுமா?"

ஜெயவேல் மகளைப் பார்த்தார். அவள் தோளில் நழுவிய துப்பட்டாவை எடுத்துச் சரியாகப் போட்டுவிட்டார். பவித்ரா அழவில்லை. ஸ்டேஷன் படியிறங்கும்போது அன்புச்செல்வியிடம், "உங்க மேல இன்னும் கோவம் போவல அக்கா" என்றாள்.

"போவ வேணாம். இருக்கட்டும்" என்றாள் அன்புச்செல்வி.

வேணுகோபாலின் கடை கொஞ்ச நாள் மூடியிருந்து மறுபடியும் திறந்தது. இப்போது வண்டி பார்க்க வருகிறவர்கள் ஒரு பாட்டில் தண்ணீரும் துணியும் கொண்டுவந்து டயரைத் துடைத்துப் பார்க்கிறார்கள் என்று கேள்வி. அவர் வேலை அன்புச்செல்வியின் கடைக்கு வருவதில்லை. அவரைச் சேர்ந்த வேறு சிலரும் வருவதை நிறுத்திக்கொண்டார்கள். சில நாட்கள் மேடை காய்ந்தே கிடக்கும். அப்போதெல்லாம் பாலுவுக்குக் கேட்கும்படி அவள் எதுவும் சொல்வதில்லை. உண்மையில் அவனிடம் வெகுநாட்கள் எதுவுமே பேசவில்லை. சாப்பாடு போட்டு வைப்பாள். அவன் சாப்பிட்டு எழுவான்.

அவள் முதலில் அவனிடம் பேசியது ஒரு மத்தியான வேளையில். பாலு ஒரு வண்டியின் பின்சக்கரத்தைக் கையால் உருட்டி உருட்டித் தேய்த்துக்கொண்டிருந்தான். வண்டிக்காரர் மேலே நின்று, "கொஞ்சம் டீசல் இருந்தா தொட்டு வுடுப்பா" என்றார். பாலு தலை நிமிராமல், "டீசல் இந்தக் கடையில கெடையாதுங்க. வேணும்னா வேற எடம் பாத்துக்குங்க" என்றான். வண்டிக்காரர் முகம் சுளித்தார், ஆனால் போகவில்லை.

அன்புச்செல்வி அவன் பக்கத்தில் காய்ந்த துணி ஒன்றைப் போட்டாள்.

"டிஸ்க்கு மேல தண்ணி நிக்குது பாரு. தொட" என்றாள்.

மாவுக்கட்டு பிரித்த பிறகும் பவித்ராவின் மணிக்கட்டு முழுக்க மடங்கவில்லை. முன்பிரேக்கை அழுத்தும்போது வலிக்கிறது என்கிறாள். ஜெயவேல் வண்டியை விற்கவில்லை. காலையில் நூல் கட்டை ஏற்றி, கயிற்றை இழுத்துக் கட்டிக் கொடுப்பது இப்போது அவர்தான். தறிகள் காத்திருக்கின்றன என்று அவள் தினமும் போளூர் சாலையில் போய் வருகிறாள். அரிசி மில் வளைவு வந்தால் வேகத்தைக் குறைத்து, பல்லைக் கடித்து, வேணுகோபாலை மனதுக்குள் நன்றாகத் திட்டிக்கொண்டே வளைவைத் தாண்டிப் போகிறாள்.